தரையில் நிறுத்தி வைத்த விமானம்

வாங்க சம்பந்தி, உள்ளே வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடுது. இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. மாப்பிள்ளை இறங்கலையா? கார்லயே இருக்கேன்னுட்டாரா? சரி, இருக்கட்டும். கண்ணாடியை ஏத்திவிட்டு ஏசி போட்டிருக்காரு போல. நாமக்கல்ல இருந்து திருச்சி வரைக்கும் ஓடின என்ஜின், கொஞ்சம் நிறுத்தி வெச்சா நல்லது. நான் சொன்னா கேக்கவா போறாரு.

காபி எடுத்துக்குங்க. நான் போட்டதுதான். என் சம்சாரம் அமிர்தவல்லி வீட்ல இல்ல. சர்க்கரை ஜாஸ்தியா இருந்தா சொல்லுங்க. மாத்திப் போட்டுத் தர எனக்குத் தெரியாது, இருந்தாலும் சொல்லுங்க.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். என் பொண்ணு பிருந்தாவைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்க. உங்க தம்பி மகன் பூபதி வெளியே கார்ல, பெரியப்பா நீங்க உள்ளே. போன தடவையும் இதே மாதிரிதான் வந்தீங்க. இதே ஃபேனுக்குக் கீழதான் உக்காந்தீங்க. பேசிடலாம், பேசாம எங்க போகப் போறோம். ஆனா அதுக்கு முன்னாடி நான் உங்ககிட்ட ஒரு விமானத்தைப் பத்திச் சொல்லணும்.

சிரிக்காதீங்க. விமானத்தைப் பத்தித்தான். நோவாரா தொண்ணூறுன்னு ஒரு மாடல். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. லாரி வெச்சிருக்கிறவங்களுக்கு அது எதுக்கு? எனக்கும் மூணு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் தெரியாது. இப்ப கேளுங்க, அதோட இறக்கையில எங்க எங்க மூட்டு இருக்குன்னு சொல்றேன்.

பிருந்தாவா? உள்ளே இல்ல. எங்க இருக்கான்னு சொல்றேன். காபியைக் குடிங்க, ஆறிடும்.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வண்டி சர்வேயர். வேலையில இருந்த காலம் பூரா மோதின வண்டி, கவுந்த வண்டி, எரிஞ்ச வண்டின்னே பாத்தவன். ரோட்டு ஓரத்துல ஒரு லாரி படுத்துக் கிடந்தா எல்லாரும் டிரைவரைத் தேடுவாங்க. குடிச்சிருந்தானா, தூங்கினானான்னு கேப்பாங்க. நான் கேக்க மாட்டேன். முதல்ல வண்டிக்கு அடியில படுப்பேன். டிரைவர் பேச்சை நம்பக் கூடாது, டிரைவரைத் திட்டவும் கூடாது. வண்டி சொல்லும். எத்தனை கேஸ்ல டிரைவரைப் பிடிச்சு உள்ளே வெச்சுட்டாங்க, நான் போய்ப் பாத்தா பிரேக் குழாய் மூணு மாசமா ஒழுகிக்கிட்டு இருந்திருக்கும்!

இன்னொண்ணு. வண்டிக்காரன் என்ன பண்ணுவான் தெரியுமா? நீங்க பண்ணியிருக்க மாட்டீங்க, பொதுவாச் சொல்றேன். பழைய அடியையும் புது அடியையும் சேத்து ஒரே விபத்துல வந்ததுன்னு கிளெயிம் போடுவான். எங்கிட்ட நடக்காது. பழைய அடியில தகரத்துக்குள்ள துரு இறங்கியிருக்கும். புது அடி பளபளன்னு இருக்கும். வேற வேற வயசுல இருக்கிற ரெண்டு அடி ஒரே நாள்ல விழுந்திருக்காது. இதை நான் இருட்டுல தடவிப் பாத்தே சொல்லுவேன்.

அதனாலதான் சம்பந்தி, உங்க வீட்டுச் சம்பந்தம் வந்தப்ப நான் மத்தவங்க மாதிரி விசாரிக்கல. எங்க தெருவுல எல்லாரும் சொன்னாங்க, கோயில் குருக்கள்கிட்ட கேளுங்க, பக்கத்து வீட்ல கேளுங்க, மளிகைக் கடையில கேளுங்கன்னு. அவங்க எல்லாம் நல்லவன்னுதான் சொல்லுவாங்க. கெட்டவன்னு சொல்லிக் கல்யாணத்தைக் கெடுத்த பாவம் யாருக்கு வேணும்? நான் நேரா உங்க லாரி ஷெட்டுக்குப் போனேன். ஞாபகம் இருக்கா? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒவ்வொரு லாரிக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்தேன். மாப்பிள்ளையே டார்ச் அடிச்சாரு. கிரீஸ் எல்லாம் புதுசு. டயர் ஒண்ணுகூட வழுக்கை இல்ல. கம்பெனியில எனக்கு ஆள் உண்டு, கேட்டுப் பாத்தேன். ஒரு கிளெயிம் இல்ல. அன்னைக்கு பஸ் ஏறும்போதே அமிர்தத்துக்குப் போன் பண்ணிச் சொன்னேன், வண்டியை இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கிறவன் பொண்டாட்டியை எப்படி வெச்சிருப்பான்னு நீயே நினைச்சுப் பாருன்னு.

நான் பாத்தது சரி. இன்னைக்கும் சொல்றேன், அந்த லாரிங்க எல்லாம் நல்ல வண்டிங்கதான்.

இல்ல, மணி பாக்கல. போன்ல வேற ஒண்ணு பாக்கறேன். நீங்க சாப்பிடுங்க.

நோவாராவுக்கு வரேன். பிருந்தா இந்தத் தடவை வந்து இங்க தங்கினாளா, வந்த கொஞ்ச நாள்ல ஒரு பேச்சு எடுத்தா. கூடப் படிச்ச சிநேகிதி மஸ்கட்ல ஆஸ்பத்திரியில இருக்காளாம், அங்க லேப்ல வேலை காலியா இருக்காம். நான் கண்டுக்கல. புருஷன் வீட்ல ஒரு மனஸ்தாபம்னா பொண்ணுங்க நாலு விதமாப் பேசும், ஆறிப் போயிடும்னு இருந்தேன். ஒரு நாள் வந்து சொல்றா, வேலை கிடைச்சிடுச்சு, டிக்கெட் போட்டாச்சுன்னு. அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமாம். இந்த வீட்ல சர்வேயர் நான், எல்லாம் கடைசியில தெரிஞ்சது எனக்கு!

நான் என்ன சொன்னேன்? போகாதேன்னு சொல்லல. சத்தியமா சொல்லல. எந்த விமானம்னு கேட்டேன். கேக்கறது தப்பா? பஸ்ஸுல ஏறினாலே எந்த டெப்போ வண்டின்னு பாக்கறவன் நான். டிக்கெட்டைப் பாத்தா நோவாரா தொண்ணூறுன்னு போட்டிருந்துச்சு. போன்ல பேரைத் தட்டினேன் பாருங்க. ரெண்டு தடவை விழுந்த மாடல்!

ஒண்ணு கடல்ல விழுந்துச்சு. ஒருத்தரும் தப்பிக்கல. விமானி தப்புன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. செத்தவன் வந்து பதில் சொல்லவா போறான்? அப்புறம் கொஞ்ச காலத்துல இன்னொண்ணு, எங்கயோ குளிர் தேசத்துல, இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாடியே தரையில மோதிடுச்சு. அப்பதான் முழிச்சுக்கிட்டாங்க. என்னன்னு பாத்தா எண்ணெய் போற வழியில ஒரு சின்ன வால்வு. நம்ம வீட்டு கேஸ் அடுப்புல இருக்கிற குமிழ் அளவுதான் இருக்கும். மேல ஏறினா குளிர்ல அது இறுகிப் போயிடுது. ரெண்டு விமானத்துலயும் அதே வால்வு. விமானி பாவம், என்ன இழுத்தாலும் கேக்கல. நான் அப்பவே சொன்னேன்ல? டிரைவரைத் திட்டக் கூடாது!

உடனே உலகம் பூரா இருந்த நோவாராவை எல்லாம் தரையில நிறுத்திட்டாங்க. ஒண்ணுகூடப் பறக்கல. வருஷக்கணக்கா ஷெட்டுல நின்னுச்சு. வால்வை மாத்தினாங்க, சோதனை பண்ணினாங்க, கேள்வி மேல கேள்வி கேட்டாங்க, அப்புறம்தான் மறுபடி ஏறவிட்டாங்க. இப்ப நல்லாத்தான் பறக்குதுன்னு சொல்றாங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நான் ஒத்துக்கல.

டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனேன். அங்க ஒரு மேடம். இந்த மாடலோட பழைய விவரம் எல்லாம் எடுங்க, எத்தனை தடவை ரிப்பேர், எந்த ஷெட்டுல பாத்ததுன்னு கேட்டேன். அந்தம்மா என்னையே பாக்குது. சார், நீங்க இங்க வரைக்கும் எதுல வந்தீங்கன்னு கேட்டுச்சு. ஸ்கூட்டர்லன்னேன். ஹெல்மெட் எங்க சார்னுச்சு. பக்கத்துலதானே, எதுக்கு ஹெல்மெட்னேன். அதைவிட இது பாதுகாப்பு சார், லட்சக்கணக்குல பறந்திருக்கு, ரெண்டே ரெண்டுதான் விழுந்திருக்குன்னுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! ஏம்மா, அந்த ரெண்டுல உக்காந்திருந்தவனுக்கு உன் லட்சம் எதுக்கு ஆகும்? அவனுக்கு நூத்துக்கு நூறு விழுந்துச்சா இல்லையான்னு கேட்டேன். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தா, வந்த வேகத்துல ஒரு ஆட்டோக்காரன் மேல விடப் பாத்தேன். அது அவன் தப்பு.

வேற விமானத்துல போன்னு பிருந்தாகிட்ட சொன்னேன். இல்லையாம். வேலையில சேர வேண்டிய தேதிக்கு வேற இல்லையாம். அப்ப போகாதேன்னேன். இங்க இரு, இல்ல நாமக்கல்லுக்குப் போ. அங்க உனக்கு வீடு இருக்கு, புருஷன் இருக்கான், எட்டு லாரி இருக்கு. தரையில இருக்கிற இடம், விழ மாட்டன்னு சொன்னேன். அவ சிரிச்சா. என்ன சிரிப்பு அது? எனக்குப் பிடிக்கல.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பீரோவுல வெச்சுப் பூட்டினேன். ஆமா, நான்தான். சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். சட்டை மாத்தும்போது சாவியையும் மாத்தினேன். அமிர்தம் எங்கிட்ட பேசறதை நிறுத்திட்டா. சாப்பாடு மட்டும் வந்துச்சு, தட்டு வெக்கிற சத்தம் கொஞ்சம் பலமா இருந்துச்சு. நான் அசையல. பொண்ணைக் காப்பாத்தறது அப்பன் வேலை. ரெண்டு தடவை விழுந்த ஒண்ணுல மூணாவது தடவை ஏத்திவிட நான் என்ன முட்டாளா?

ஒரு நிமிஷம். இல்லை, இன்னும் இல்லை. இருங்க. இந்தப் போனைக் கொஞ்சம் எட்டத்துல வெச்சாத்தான் எனக்குத் தெரியுது.

அன்னைக்குச் சாயங்காலம் பிருந்தா ஹால்ல உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. நான் போன்ல ஒரு வீடியோவைப் போட்டு அவகிட்ட நீட்டினேன். அந்த ரெண்டாவது விமானம் விழுந்து கிடக்கிற வீடியோ. பாரு, இதுலதான் ஏறப் போறியான்னு கேட்டேன். அவ பாக்கல. கீரையைப் பாத்துக்கிட்டே கேட்டா.

"அப்பா, முதல் தடவை விழுந்தப்ப என்ன சொன்னாங்க?"

"விமானி தப்புன்னு சொன்னாங்க. மடப்பசங்க."

"நான் முதல் தடவை வந்து நின்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இல்ல. இருந்துச்சு, ஆனா அந்த நேரத்துக்கு இல்ல. அவளே சொன்னா. நீ என்னம்மா பேசின, அவருக்குக் கோபம் வர்ற மாதிரி நீ என்ன பேசினன்னு கேட்டேனாம். புது வண்டி ரெண்டு சேந்தா ஆரம்பத்துல கொஞ்சம் சத்தம் வரும், ஓட ஓடச் சரியாயிடும்னும் சொன்னேனாம். சொல்லியிருப்பேன். தப்பா என்ன? எல்லா அப்பனும் சொல்றதுதான். பழம், பூ எல்லாம் வாங்கி நானே கொண்டுவந்து விட்டேனே. உங்க வீட்ல விருந்து போட்டீங்க.

"ரெண்டாவது விழுந்ததும் என்னப்பா பண்ணினாங்க?"

"எல்லாத்தையும் தரையில நிறுத்தினாங்க."

"நான் ரெண்டாவது தடவை கையில கட்டுப் போட்டுக்கிட்டு வந்தப்ப?"

அப்பதான் நீங்க வந்தீங்க சம்பந்தி. இதே இடத்துல உக்காந்து, இனிமே நான் பொறுப்புன்னு சொன்னீங்க. பெரிய மனுஷன் வாக்குன்னு நான் எந்திரிச்சுக் கும்பிட்டேன். பாதுஷா வாங்கிட்டு வந்திருந்தீங்க, மாப்பிள்ளை தலை குனிஞ்சு நின்னாரு. எனக்கு மனசு கேக்கல. தலை குனிஞ்சு நிக்கிற பையனை எப்படி வெறுங்கையோட அனுப்பறது? பிருந்தாவை ஏத்திவிட்டேன். அவ முன் சீட்டுல உக்காந்து பெல்ட்டை இழுத்தா. ஒரு கையால மாட்ட வரல. நான்தான் வந்து மாட்டிவிட்டேன். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அவ பேச்சைக் கேளுங்க. என் பொண்ணுன்னு சொல்லல, நல்லாப் பேசுவா. சொல்றா, "ஒரு தகர டப்பா ரெண்டு தடவை விழுந்ததுக்கு உலகம் பூரா நிறுத்தி வெச்சு, ஏன் விழுந்தன்னு கேட்டாங்கப்பா. வால்வை மாத்தாம ஏறவிட மாட்டோம்னாங்க. எனக்கு யாரு என்ன மாத்தினீங்க? பாதுஷா சாப்பிட்டீங்க. செத்த விமானத்துக்குள்ள இருந்து கறுப்புப் பெட்டியைக் கடலுக்கு அடியில போய்த் தேடி எடுத்துக் கேட்டாங்க. நான் உயிரோட வாசல்ல வந்து நின்னு சொல்றேன், கேக்க ஆளில்ல."

ஊர்ல எத்தனையோ குடும்பம் இப்படித்தான் சண்டை போட்டுக்கிட்டு நல்லா இருக்குன்னு நான் சொல்லிப் பாத்தேன். அதுக்கு அவ என் பேச்சையே எடுத்து என் மேல போட்டா. அவங்க லட்சம் எனக்கு எதுக்கு ஆகும்பா, எனக்கு நூத்துக்கு நூறுன்னா. டிராவல்ஸ் மேடத்துக்கு நான் சொன்ன பதில். வீட்ல வந்து பெருமையாச் சொன்னது என் தப்பு.

அது வேற, இது வேறன்னு நான் சொல்லியிருக்கலாம். மிஷின் வேற, மனுஷன் வேற. ஆனா அந்த நேரத்துல என் கண்ணு அவ கை மேல போயிடுச்சு. கீரை ஆயறதுக்குக் கையை நீட்டறா, இடது மணிக்கட்டு முழுசா மடங்கல. மூட்டு சரியாச் சேரல, கோணலாச் சேந்திருக்கு. நைட்டி கை மேல ஏறியிருந்துச்சு. முழங்கைக்கு மேல அடி. கதவுல இடிச்சுக்கிட்டேன்னு மூணாவது தடவையா வந்த அன்னைக்குச் சொல்லியிருந்தா. செருப்பில்லாமத்தான் வந்தா, கேட்டதுக்குப் பஸ்ல தொலைஞ்சு போச்சுன்னா. நானும் சரி, கதவு, சரி, செருப்புன்னு விட்டுட்டேன். பொண்ணு கையை அப்பன் உத்துப் பாப்பானா?

அன்னைக்குப் பாத்தேன். ஒண்ணு கறுத்துப் போய் மங்கியிருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல ஒண்ணு ஆறியும் இன்னும் சிவப்பு விடல. தோள்பட்டைகிட்ட ஒண்ணு பழைய தழும்பாவே ஆயிடுச்சு.

சம்பந்தி, நான் சர்வேயர்.

எந்திரிச்சுப் போனேன். பீரோவைத் திறந்தேன். பாஸ்போர்ட்டை எடுத்து ஃபிரிட்ஜ் மேல வெச்சேன். கவனிங்க, நான் குடுக்கல. வெச்சேன். அப்புறம் செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா ஃபிரிட்ஜ் மேல இல்ல. யாரு எடுத்தாங்கன்னு நான் கேக்கல. நோவாராவுக்கு நான் சம்மதிச்சேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஏர்போர்ட்டுக்குக்கூட நான் போகல. அந்த மாடலை நின்னு வழியனுப்ப என்னால முடியாது, நீங்க ரெண்டு பேரும் போங்கன்னு சொல்லிட்டேன். பிருந்தா வந்து காலைத் தொட்டா. பெல்ட்டை இறுக்கிப் போடுன்னு மட்டும் சொன்னேன். ரெண்டு கையாலயும் போடுவேன்பான்னா. அமிர்தம் அவளை விட்டுட்டு, கோயிலுக்குப் போயிட்டு இப்பதான் பஸ்ல வந்துக்கிட்டு இருப்பா.

உக்காருங்க. உக்காருங்க சம்பந்தி! எங்க எந்திரிக்கிறீங்க? மாப்பிள்ளைகிட்ட சொல்லணுமா? சொல்லலாம். என்ன அவசரம்? ஏர்போர்ட்டுக்குப் பறந்தாலும் இனிமே ஒண்ணும் ஆகாது. விடியக்காலையே ஏறிட்டா. அவ இப்ப கடலுக்கு மேல இருக்கா. இதோ, இந்தப் போன்ல பாருங்க, இந்தக் குட்டியூண்டு மஞ்சள் விமானம், இதுதான் நோவாரா. எதிர் வீட்டு டீச்சர் போட்டுக் குடுத்த ஆப். நீங்க வந்ததுல இருந்து இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். பயம்தான். எனக்கு என்ன வெக்கம்? ரெண்டு தடவை விழுந்த மாடல், பெத்த பொண்ணு உள்ளே, பயப்படாம எப்படி இருக்கறது?

ஆனா ஒண்ணு சொல்றேன். உங்க வீட்டுக்கு ரெண்டு தடவை அவளைத் திருப்பி அனுப்பினேனே, அப்ப நான் இப்படிப் போனைப் பாத்துக்கிட்டு உக்காரல. பத்திரமான இடம்னு நல்லாத் தூங்கினேன்.

புருஷனைக் கேக்காம பொண்டாட்டியை அனுப்பினது தப்புன்னு சொல்றீங்களா? போலீஸுக்குப் போவாரா? போகட்டும். தாராளமாப் போகட்டும். ஸ்டேஷன் பக்கத்துலதான். எனக்கு அங்க எல்லாரையும் தெரியும், எத்தனை விபத்துக் கேஸுக்குப் போயிருக்கேன். நானே கூட வரேன். ஆனா அங்க போனா நான் பேச ஆரம்பிச்சுடுவேன் சம்பந்தி. எந்த அடி எப்ப விழுந்தது, எந்தப் பக்கத்துல இருந்து விழுந்தது, கையால விழுந்ததா கட்டையால விழுந்ததா, எல்லாம் சொல்லுவேன். வேலையில இருந்து ஓய்வு பெத்துட்டேனே தவிர கண்ணு ஓய்வு பெறல. மாப்பிள்ளைகிட்ட இதை அப்படியே சொல்லுங்க. ஏசி சத்தத்துல காதுல விழலேன்னா நானே வந்து கண்ணாடியைத் தட்டிச் சொல்றேன்.

பேசாதீங்க. ஒரு நிமிஷம் பேசாதீங்க.

கீழ வருது. உயரம் காட்டற நம்பர் குறையுது பாருங்க. இந்த இடத்துலதான், இறங்கற நேரத்துலதான் அந்த ரெண்டாவது... முருகா. அமிர்தம் பக்கத்துல இல்லாமப் போயிட்டாளே. அந்த வால்வு. வால்வை மாத்தியிருப்பாங்கல்ல? மாத்தியிருப்பாங்க. மாத்தாம விட மாட்டாங்க. அவ்வளவு கேள்வி கேட்டிருக்காங்களே. விமானம் ஏன் நகரல? நின்னுடுச்சா? ஆப் நின்னுடுச்சா, விமானம் நின்னுடுச்சா? சம்பந்தி, உங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதைக் கொஞ்சம் பாருங்க, இங்கிலீஷ்ல என்னமோ வருது. படிங்க. சத்தமாப் படிங்க.

இறங்கிடுச்சுன்னா போட்டிருக்கு? இன்னொரு தடவை படிங்க.

இருங்க, அவதான் கூப்பிடறா. ஹலோ. ஹலோ, பிருந்தா! ம். ம். குலுங்கிச்சா? எவ்வளவு குலுங்கிச்சு? எந்தப் பக்கம்? சரி, சரி, கேக்கல. சாப்பிட்டியா? சிநேகிதி வந்திருக்காளா? ம். இல்லம்மா, யாரும் இல்ல. நாமக்கல்ல இருந்து பெரிய சம்பந்தி வந்திருக்காங்க, பேசிக்கிட்டு இருக்கோம். நீ கவலைப்படாதே. நான் பாத்துக்கறேன். நான்தான்மா பேசறேன், வேற யாரு? குரலுக்கு ஒண்ணும் இல்ல, சளி. வெச்சுடு, காசு ஏறும்.

என்ன பாக்கறீங்க? சளிதான்.

நோவாரா நல்ல மாடல்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை ஒழுங்கா இறங்கிட்டா ஆச்சா? அடுத்த தடவை அவ லீவுக்கு வரும்போது வேற விமானத்துலதான் வரணும், அதுல மாற்றமே இல்ல. டிராவல்ஸ் மேடத்துகிட்ட இப்பவே போய்ச் சொல்லி வெக்கப் போறேன்.

சரி, நம்ம பேச்சுக்கு வருவோம். பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க. நான் இல்லேன்னு சொல்லல. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன், அதுக்கு நீங்க பதில் சொல்லுங்க, அப்புறம் மேற்கொண்டு பேசலாம். முதல் தடவை நடந்துச்சு. ரெண்டாவது தடவை நடந்துச்சு. நீங்க இதே இடத்துல உக்காந்து நான் பொறுப்புன்னு சொன்னீங்க. சொல்லிட்டு ஊருக்குப் போய், அந்தப் பையன்கிட்ட நீங்க என்ன கேட்டீங்க? அந்த வீட்ல என்ன மாத்தினீங்க?

யோசிங்க. உடனே சொல்ல வேண்டாம், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாப்பிள்ளை வேணா கார்ல இருந்து இறங்கி வந்து சேந்து யோசிக்கட்டும். நான் இன்னொரு காபி போட்டு எடுத்துட்டு வரேன், இந்தத் தடவை சர்க்கரை சரியாப் போடறேன். எனக்கு ஒரு அவசரமும் இல்ல சம்பந்தி. அவ இறங்கிட்டா.